முறுக்கும் கடலை மிட்டாயும் பல்லைப் பதம் பார்க்கும்



பனியன் கம்பெனியில் ஓவர்டைம் நாட்களில் டீயும் முறுக்கும்தான் பலருக்கு இரவுச் சாப்பாடு வரை தாங்குகிறது. புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கையும் (2023) கோவில்பட்டி கடலை மிட்டாயையும் (2020) வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. கடிக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும்.

உடம்பிலேயே கடினமானது பல்லின் மேற்பூச்சான எனாமல். ஆனால் முறிந்த எலும்பு கூடும். விரிசல் விட்ட எனாமல் கூடாது. அதில் உயிரணுக்கள் இல்லை. அடைத்த பல்லும் வேர் சிகிச்சை செய்த பல்லும் இன்னும் எளிதில் உடையும். பொரியாத சோளம், நோன்பு திறக்கும் அவசரத்தில் கடிபடும் பேரீச்சங்கொட்டை, இவையும் அப்படித்தான். பவர் டேபிளில் நூலைப் பல்லால் அறுப்பவர்களுக்கு முன்பல் ஓரம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.

முறுக்குத் துணுக்கோ பாப்கார்ன் தோலோ ஈறுக்குள் சிக்கினால் வீங்கி, சீழும் பிடிக்கலாம். குண்டூசியால் குத்தாதீர்கள், வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள். கடலை மிட்டாயின் வெல்லப்பாகு பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு சொத்தைக்கு வழிசெய்யும். தின்றதும் வாய் கொப்பளிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பெரியவர்கள் முறுக்கை உடைத்து டீயில் நனைத்துச் சாப்பிடலாம்.

கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுருக்கென்று வலித்தால் விரிசலாக இருக்கலாம். ஒருநாள் கூலி போகுமே என்று வலி மாத்திரையில் நாள் கடத்தினால், அடைப்போடு முடிய வேண்டியது வேர் சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ போய் நிற்கும். அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போங்கள்.