கணிதத்தைத் துணைப்பாடமாகத் தேர்வது எவ்வாறு?

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி, ஏலமலைப் பகுதியில் அமைந்த ஊர் சக்குபள்ளம். ஏலத்தோட்டங்களில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் இக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முன்னே இரு பாதைகள் உள்ளன. குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையிறங்கினால், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேனி மாவட்டக் கல்லூரிகளை அடையலாம். மலையிலேயே தங்கினால், கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் சேரலாம்.

இவ்விரு பாதைகளுக்கும் இடையே 2024ஆம் ஆண்டில் ஒரு முக்கிய வேறுபாடு தோன்றியது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப் படிப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், எந்த முதன்மைப் பாடத்திற்கு எந்தத் துணைப்பாடம் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்து வந்தது. இயற்பியல் மாணவர் கணிதம் படிப்பார்; என்ன கணிதம், எந்தப் பருவத்தில் என்பதெல்லாம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். தமிழகத்தில் 'சார்புப் பாடம்' என வழங்குவதும் பெரும்பாலும் இவ்வாறு வகுக்கப்பட்டதே. கேரளத்தின் புதிய முறையிலோ துணைப்பாடத்தையும் அதற்குள் அடங்கும் தாள்களையும் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரிதும் மாணவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பதினெட்டு வயதினருக்கு இவ்வுரிமை ஒரு சுமையாகவும் அமைவதுண்டு.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட்டுகளும் நான்காண்டுப் பட்டத்திற்கு 160 கிரெடிட்டுகளும் குறைந்த அளவாகும். கேரளம் இவற்றை முறையே 133, 177 என வகுத்துக் கொண்டது. துணைப்பாடத்திற்கு மூன்றாண்டில் 24, நான்காண்டில் 32 கிரெடிட்டுகள் என்பது குழு வகுத்த குறைந்த அளவு. ஒரு தாளுக்கு 4 கிரெடிட்டுகள் எனக் கொண்டால் மூன்றாண்டுகளில் ஆறு தாள்கள், நான்காண்டுகளில் எட்டுத் தாள்கள். பல்துறைப் பாடங்களுக்கெனத் தனியே 9 கிரெடிட்டுகள் உள்ளன. அவ்வகையில் படிக்கும் எளிய கணிதத் தாள் துணைப்பாடக் கணக்கில் சேராது என்பதை மாணவர் பலர் காலங்கடந்தே உணர்கின்றனர்.

ஆறே தாள்கள் என்பதால் அவற்றின் வரிசை மிக இன்றியமையாததாகிறது. வரலாற்றில் சோழர் காலத்தைப் படிக்காமல் விசயநகரக் காலத்தைப் படிப்பது ஓரளவு இயலும். கணிதத்தில் அவ்வாறு தாவ இயலாது. ஒரு மாறியின் நுண்கணிதம் தெரியாமல் பல மாறிகளின் நுண்கணிதம் இல்லை. தொகையீடு தெரியாதவருக்கு நிகழ்தகவின் தொடர் பரவல்கள் வெறும் சூத்திரங்களே. கணம், தொடர்பு, சார்பு, நிறுவல் முறை ஆகியவற்றில் பழகாதவர் மெய்ப்பகுப்பாய்வு வகுப்பில் முதல் வாரமே திகைத்து நிற்பார். மானியக் குழுவின் கட்டமைப்பு தாள்களுக்கு 100, 200, 300, 400 எனப் படிநிலை எண்கள் வழங்குவதும் இதன் பொருட்டே. மகாத்மா காந்தி பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தாள்தோறும் 'முன்தேவை' எனும் ஒரு கட்டம் இருக்கிறது. தாளின் பெயரைப் படிக்கும் முன் அக்கட்டத்தைப் படிப்பது நல்லது. பெயர்கள் சில வேளைகளில் கவர்ச்சியாக அமைந்துவிடுகின்றன!

தேர்வில் இருவகைப் பிழைகள் நேரக் கூடும். கால அட்டவணைக்கு இசைந்த எளிய தாள்களையே ஆறு முறையும் எடுத்துக்கொள்வது ஒன்று. இம்மாணவர் 24 கிரெடிட்டுகளைப் பெறுவார். சான்றிதழில் கணிதம் துணைப்பாடம் என அச்சாகும். ஆனால் இரண்டாம் படியைக்கூட அவர் ஏறியிருக்க மாட்டார். அடித்தளமின்றி நுண்ணிய இயற்கணிதத்தில் இறங்கித் தோல்வியுற்று, கணிதமே தமக்கு ஒவ்வாது என முடிவு கட்டுவது மற்றொன்று. முன்னது தேர்ச்சியாகவே தோன்றுவதால் அதன் கேடு பின்னரே தெரியவரும்.

எவ்வளவு கணிதம் தேவை என்பதை ஏலக்காய் உலர்த்தும் கூடத்திலிருந்தே காட்டலாம். நூறு கிலோ பச்சை ஏலக்காயில் 80 விழுக்காடு ஈரம் எனக் கொண்டால் உலர்பொருள் 20 கிலோ. ஈரம் 10 விழுக்காடாகும் வரை உலர்த்தினால் எஞ்சும் எடை 20ஐ 0.9ஆல் வகுக்கக் கிடைக்கும் 22.2 கிலோ. இதற்குப் பள்ளிக் கணக்கே போதும். எத்தனை மணி நேரம் உலர்த்துவது, விறகு எவ்வளவு செலவாகும் என்று கேட்கும்போது நிலைமை மாறுகிறது. எஞ்சியுள்ள மிகை ஈரத்திற்கு நேர்விகிதத்தில் ஈரம் குறைகிறது என்பது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. மிகை ஈரம் நான்கு மணியில் பாதியானால் எட்டு மணியில் காற்பங்கு, பன்னிரண்டு மணியில் அரைக்காற்பங்கு எனும் முடிவு அதிலிருந்தே பிறக்கிறது. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் மின்னணு ஏல விலைகளை மழையளவுடன் பொருத்திப் பார்க்க வேண்டுமாயின் மீச்சிறு வர்க்க முறை வேண்டும். மாறிகள் பெருகும்போது அது அணிகளின் கணக்காகிறது.

ஆகவே, முதன்மைப் பாடம் எதுவாயினும் முதல் மூன்று இடங்களை ஒரு மாறி நுண்கணிதம், பல மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றிற்கு ஒதுக்குவதே தக்கது. எஞ்சிய மூன்றையும் முதன்மைப் பாடமே முடிவு செய்யட்டும். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் எண்ணியல் முறைகளும் பொருந்தும். கணினி அறிவியல் மாணவர் தனிநிலைக் கணிதத்தையும் எண் கோட்பாட்டையும் நாடலாம். 1977இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறை பகா எண்களை அடிப்படையாகக் கொண்டது. வணிகவியலாருக்கு நிகழ்தகவும் புள்ளியியலும் உதவும்.

பொருளியல் மாணவரின் நிலையைச் சற்று விரித்துரைப்பது பொருத்தம். இத்துறையில்தான் கணிதத்தின் தேவை மிகவும் குறைத்து மதிப்பிடப்படுகிறது. காப், டக்ளஸ் எனும் இருவர் 1928இல் வெளியிட்ட உற்பத்திச் சார்பு, உழைப்பும் மூலதனமும் விளைவுடன் கொண்ட தொடர்பைக் கூறுவது. குறித்த தொகைக்குள் இவ்விரண்டையும் எவ்விகிதத்தில் ஈடுபடுத்தினால் விளைவு பெருமமாகும் என்பதைக் காணப் பகுதி வகையீடும் லக்ராஞ்சி பெருக்கிகளும் வேண்டும். இவை பல மாறி நுண்கணிதத் தாளில் வருவன. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அளவுசார் பொருளியல் முதுகலைப் படிப்பிற்கு நடத்தும் நுழைவுத் தேர்வில் கணிதத்திற்கென்றே ஒரு தாள் உண்டு.

கணிதத்திலேயே முதுகலை பயில விழைவோர்க்கும் வழி திறந்துள்ளது. 2024இல் மானியக் குழு வெளியிட்ட முதுகலைக் கட்டமைப்பு, இளங்கலையில் முதன்மைப் பாடமாகவோ துணைப்பாடமாகவோ பயின்ற துறையில் முதுகலையில் சேரலாம் என்கிறது. அத்தகையோர் எஞ்சிய இடங்களில் நிறுவல் முறை, மெய்ப்பகுப்பாய்வு, இயற்கணிதம் ஆகியவற்றை அவ்வரிசையிலேயே கொள்ள வேண்டும். இவையின்றி முதுகலையில் இடம் கிடைத்தாலும் அங்கு நிலைத்திருத்தல் அரிது.

பிளஸ் டூவில் கணிதம் படிக்காதோர் சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் முன்னரே தகுதி விதியைக் கல்லூரியில் கேட்டறிய வேண்டும். மலைக்கு அப்பால் வணிகக் கணிதம் படித்துவிட்டு வருவோர்க்கும் இது பொருந்தும். வணிகக் கணிதத்தில் வகையீடும் அணிகளும் ஓரளவு உள்ளன. ஆயினும் கணிதப் பாடத்திற்கு அது ஈடாகுமா என்பதைக் கல்லூரியே முடிவு செய்ய வேண்டும்.

இனி, அலுவலர் கவனத்திற்குரியது ஒன்றுண்டு. பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள தாள்கள் அனைத்தையும் ஒரு மலைக் கல்லூரி நடத்த இயலாது. இருக்கும் ஆசிரியரின் எண்ணிக்கையும் வகுப்பறைகளும் எதனை இடமளிக்கின்றனவோ அவையே நடைபெறும். முதற்பருவத்தில் நுண்கணிதத்தைத் தொடங்கிய மாணவருக்கு மூன்றாம் பருவத்தில் அதன் தொடர்ச்சி கிடைக்காமற்போனால் குற்றம் அவருடையதன்று. எந்தத் தாள் எந்தப் பருவத்தில் உறுதியாக நடைபெறும் என்பதை ஆறு பருவங்களுக்கும் சேர்த்துச் சேர்க்கையின்போதே அறிவித்தல் கல்லூரிகளுக்கு இயலாத செயலன்று. எல்லைப்புறக் கல்லூரிகளில் அவ்வறிவிப்பு மலையாளத்துடன் தமிழிலும் வெளிவருதல் நலம். இடையில் விடுபடும் தாளை 'ஸ்வயம்' இணையவழிப் படிப்பால் ஈடுசெய்யலாம். ஒரு பருவத்தின் கிரெடிட்டுகளில் 40 விழுக்காடு வரை இவ்வழியில் பெற மானியக் குழுவின் 2021 ஒழுங்குமுறை இடந்தருகிறது. இதற்குப் பல்கலைக்கழகத்தின் ஏற்பு வேண்டும். பருவம் தொடங்குமுன் துறைத் தலைவர் வாயிலாக எழுத்து மூலம் அதனைப் பெற்று வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.