டெர்மினலில் ஐகானுக்குப் பதில் கட்டம் ஏன்?

நியோவிம் உரைத்திருத்தியைத் திறந்தால் கோப்புப் பெயர்களுக்கு முன்னால் வெற்றுக் கட்டங்கள். உடனே பலர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பயனிருக்காது, கோளாறு அங்கே இல்லை.

டெர்மினலில் ஓடும் இத்தகைய நிரல் ஐகானைப் படமாக வரைவதில்லை. எழுத்துக்குரிய எண்ணை மட்டும் அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு உருவம் கொடுப்பது எழுத்துரு. 'அ'வுக்கு யூனிகோடில் நிலையான எண் உண்டு. பைதான் சின்னத்துக்கு இல்லை. அதனால் இப்படிப்பட்ட சின்னங்களை, யூனிகோடு தனிப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிவைத்த பகுதியில் குடியேற்றினார்கள். முதன்மைப் பகுதியில் மட்டும் 6,400 இடங்கள். அவற்றில் எது எந்த உருவம் என்று யூனிகோடு சொல்வதே இல்லை. சாதாரண எழுத்துருக்களில் பெரும்பாலும் அவை காலி. காலியிடம்தான் கட்டமாகத் தெரிகிறது.

நெர்ட் ஃபான்ட்ஸ் என்ற திட்டம், ஜெட்பிரெயின்ஸ் மோனோ போன்ற எழுத்துருக்களில் இந்தச் சின்னங்களைச் சேர்த்து இலவசமாகத் தருகிறது. நிறுவினால் மட்டும் போதாது, டெர்மினலின் அமைப்புகளில் அதையே தேர்ந்தெடுக்கவும் வேண்டும். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்தாலும், எழுத்துரு இருக்கவேண்டியது உங்கள் கணினியில்தான். உருவம் அங்கேதான் வரையப்படுகிறது.

எழுத்துரு இருந்தும் சில ஐகான்கள் மட்டும் வரவில்லையா? 2023இல் வந்த நெர்ட் ஃபான்ட்ஸ் மூன்றாம் பதிப்பில் மெட்டீரியல் டிசைன் சின்னங்களின் எண்கள் மாறின. பழைய அமைப்புக் கோப்புகளைப் புதுப்பியுங்கள்.

வரைகலைச் சூழல் இல்லாத லினக்ஸ் கன்சோலில் எழுத்துருவுக்கு 512 உருவங்களே உச்சவரம்பு. அங்கே ஐகான்களை அணைத்துவிடுவதே சரி.