முதிய பூனையின் கடைசி நாட்கள்

நோயுற்றிருப்பதை முனகியோ நொண்டியோ வெளிக்காட்டும் இயல்பு பூனைக்குக் குறைவு. தனித்து வேட்டையாடி வாழ்ந்ததோடு, தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகும் ஆபத்தோடும் வாழ்ந்த சிறு காட்டுப்பூனையின் வழிவந்தது என்பதால், தளர்ச்சியை மறைப்பது அதன் உடலில் ஊறிப்போன தற்காப்பு என்று விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்; பதினைந்து ஆண்டுகள் மெத்தையில் உறங்கி எழுந்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. எனவே, பிரிவு நெருங்குகிறது என்பதைப் பூனை தெரிவிக்கும் என்று காத்திராமல், வளர்ப்பவரே உற்றுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதிய பூனைகளைப் பெரிதும் தாக்குவது நாள்பட்ட சிறுநீரக நோய். கிரியாட்டினின் என்பது தசைகளில் உருவாகி, சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் கழிவுப்பொருள். இரத்தப் பரிசோதனையில் அதன் அளவு உயர்ந்து காணப்படும்போது சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ 75 சதவீதம் அழிந்திருக்கும். ஆனால் அதற்கு வெகுநாள் முன்பே வீட்டில் சில மாற்றங்கள் தென்படத் தொடங்குகின்றன. காலையில் நிரப்பிய தண்ணீர்க் கிண்ணம் மாலைக்குள் வற்றுகிறது. மணல் தட்டில் ஈரக்கட்டிகள் பெரிதாகின்றன. முதுகைத் தடவும் கைக்கு முள்ளெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகிறது. ஒரே தாவலில் சன்னல் விளிம்பை எட்டிய பூனை இப்போது நாற்காலியில் ஏறி, சற்று நின்று, பிறகே மேலே போகிறது. இழந்த திறன் மீளாது என்றாலும், பாஸ்பரஸ் குறைந்த உணவும், தோள்பட்டைகளுக்கு இடையே தோலுக்கடியில் ஏற்றப்படும் உப்புக் கரைசலும் மாதக்கணக்கில், சில பூனைகளுக்கு ஆண்டுக்கணக்கிலும், நல்ல வாழ்வைத் தருகின்றன.

வலியைக் கண்டறிய, கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு முகக்குறி அளவுகோலை வெளியிட்டனர். காதுகளின் நிலை, கண்களின் சுருக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசைமுடிகளின் வளைவு, தலையின் தாழ்வு ஆகிய ஐந்தையும் கொண்டு வலியின் அளவை அது மதிப்பிடுகிறது. வேதனையில் இருக்கும் பூனையும் குறுகுறுவென்று ஒலி எழுப்பக்கூடும் என்பதால், அந்த ஒலியை மட்டும் நம்பி நிம்மதி கொள்வது தவறு. அதைவிடப் பெரிய தவறு, வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பது. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், ஒரே மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடும்.

சிகிச்சை பலனளிக்காத கட்டத்தில், கால்நடை மருத்துவர்கள் கருணைக்கொலை எனப்படும் வலியற்ற முடிவைப் பற்றிப் பேசுகின்றனர். அந்த முடிவை எடுக்கத் துணைபுரிவதற்காக அலைஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர், வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் எண்ணிக்கை ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். மதிப்பெண்களின் கூட்டுத்தொகையைவிட, நாள்தோறும் அவற்றைக் குறித்துவைக்கும் பழக்கமே பெரிதும் உதவக்கூடியது; நேற்று இரண்டு வாய் உண்டது, இன்று முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது என்று தேதியோடு எழுதப்பட்ட குறிப்பு, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்ற ஆசை யாருடைய நலனுக்கானது என்பதை மறைக்காமல் காட்டிவிடுகிறது.

கருணைக்கொலையின்போது முதலில் மயக்க ஊசி போடப்பட்டு, பூனை ஆழ்ந்து உறங்கிய பின்னரே பென்டோபார்பிட்டால் என்ற மருந்து அளவுக்கு மீறிச் செலுத்தப்படுகிறது. அது மூளையின் செயலை அடக்கி, மூச்சையும் இதயத் துடிப்பையும் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் நிறுத்திவிடுகிறது. உயிர் பிரிந்த பிறகும் கண்கள் மூடுவதில்லை. ஒரு மூச்சிழுப்போ தசைத் துடிப்போ ஏற்படலாம். இதை முன்கூட்டியே அறியாதவர்கள் பூனை தவித்தது என்று எண்ணி நெடுநாள் வருந்த நேர்கிறது. மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய செய்தி இது. குழந்தைகளிடம் ‘தூங்கிவிட்டது’ என்று கூறாமல் ‘இறந்துவிட்டது’ என்றே கூறுவது நல்லது. இல்லையேல் தூக்கத்தைக் கண்டே குழந்தை அஞ்சத் தொடங்கும்.

‘பூனைதானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்’ என்ற சொல் இந்தத் துயரை இன்னும் கனக்கச் செய்கிறது. உறவினரும் ஊரும் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத இழப்பை, அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா அங்கீகாரம் மறுக்கப்பட்ட துயரம் என்று பெயரிட்டு விளக்கினார். விடுப்பும் இல்லை, துக்கம் விசாரிப்பாரும் இல்லை என்பதால் அது உள்ளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பண்டைய எகிப்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் அவ்வீட்டார் அனைவரும் தம் புருவங்களை மழித்துக்கொண்டனர் என்று, கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். முடி மீண்டும் வளரும்வரை, தெருவில் எதிர்ப்படும் எவரும் அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், அந்த வீட்டில் ஒரு பூனை இறந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்வர்.