திருவிழாவின் மறுபக்கம்

மேடையைக் காண்போர் பலர். அதனைத் தாங்கும் சவுக்குக் கழிகளைக் காண்போர் மிகச் சிலரே. விழா அமைப்பது இன்று ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. கல்லூரிகள் சில அதனைப் பாடமாகவும் வைத்துள்ளன. பாடத்துடன் பயிற்சிப் பணியும் உண்டு. அப்பணிக்குச் செல்லும் மாணவர், "நாற்காலி எண்ணவும் கயிறு கட்டவுமா நாம் படித்தோம்?" என்று முதல் வாரத்திலேயே சலித்துக்கொள்வதுண்டு. கேள்வி நியாயமானதுதான். விடையைத் தேடி நாம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகம் வரை சென்று வரலாம்.

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலுள்ள அச்சிற்றூரில், கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா 18 நாள் நடைபெறுகிறது. பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியான அரவானே அங்குக் கூத்தாண்டவர். பலியாகுமுன் அவன் மணம் புரிய விரும்பினான் என்பதும், கண்ணன் மோகினியாய் வந்து மணந்தான் என்பதும் கதை. அதன்படி முழுநிலா இரவில் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் தேரோட்டம் முடிந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து அழுகின்றனர்.

இவ்வளவும் செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. தேரில் நிற்கும் அந்த நெடிய உருவம் எங்கிருந்து வருகிறது என்பதை எத்தனை பேர் கேட்டிருப்போம்? சிரசு மட்டுமே கோயிலில் இருப்பது. கீரிமேடு, நத்தம், தொட்டி போன்ற சுற்றுப்புற ஊர்கள் ஏனைய உறுப்புகளையும் அணிகளையும் உரிமையாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஓர் ஊரார் தாமதித்தால் தேர் காத்துத்தான் நிற்க வேண்டும். எவர், எதனை, எப்போது, எவ்வழியே கொண்டுவருவது என்ற ஒழுங்கு வழிவழியாக அவர்கள் நெஞ்சில் பதிந்து கிடக்கிறது. விழா அமைப்பாளர் இன்று பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதிவைப்பதும் இதே ஒழுங்கைத்தான்.

இனி நாற்காலிக்கு வருவோம். நாற்காலி எண்ணுவது உண்மையில் மனிதரை எண்ணுவதாகும். சமதளத்தில் 1 மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வரை செல்லலாம் என்பது பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி தரும் கணக்கு. அப்படியானால் 3 மீட்டர் வாயிலில் 10,000 பேர் வெளியேற ஏறத்தாழ 40 நிமிடம் பிடிக்கும். அவ்வாயிலின் நடுவே ஒருவர் மிட்டாய்க் கடை விரித்தால் கணக்கு என்னாகும்? நிற்கும் கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 5 பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் கால் நம் வசத்தில் இராது. கூட்டமே நம்மைத் தள்ளிச் செல்லும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 உயிர்கள் நெரிசலில் மாண்டன. கயிறு கட்டும் இடத்தை அளந்து கட்டுவது அற்ப வேலையன்று.

சமவெளியில் கூட்டம் கற்பிப்பதை, அதே மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலையில் பாதை கற்பிக்கிறது. வெள்ளிமலையில் விழா என்றால், மின்னாக்கி முதல் பந்தல் துணி வரை கச்சிராயப்பாளையத்திலிருந்து வளைந்து ஏறும் சாலையில் வண்டியேற்றியாக வேண்டும். மறந்துவிட்ட ஒரு மின்கம்பிச் சுருளுக்காக மீண்டும் அடிவாரம் இறங்கினால் அரைநாள் போயிற்று. ஆகவே மலைப்பணியில் பட்டியலே முதல் கருவி. கோடை மழை மாலையில் திடீரென வரும். மின்னிணைப்புகளைத் தரையில் விடாமல் உயர்த்திக் கட்டுவது அதற்காகவே.

பயிற்சி மாணவர் காண வேண்டிய மற்றொரு வேளை, கூட்டம் கலைந்த பின் வருவது. பெரும்பாலோர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பர். கூவாகத்தில் திருநங்கையர் அழுதுவிட்டுச் சென்ற மண்ணில் உடைந்த வளையல்கள் கலந்து கிடக்கும். அவ்வழியே நாளை ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவர். துடைப்பமும் சாக்கும் எத்தனை வேண்டும், எத்தனை பேர், எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்பதெல்லாம் கொடியேறுமுன்பே முடிவாகியிருக்க வேண்டிய செய்திகள்.