ஞானப்பல்லை எப்போது எடுக்க வேண்டும்?

ஞானப்பல் எனப்படும் மூன்றாவது கடைவாய்ப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. அதற்குள் மற்றப் பற்கள் தாடையை நிறைத்துவிடுவதால் பலருக்கு அது முழுதாக வெளிவர இடமிருப்பதில்லை. எலும்புக்குள் சாய்ந்தோ படுத்தோ சிக்கிக்கொள்கிறது. கீழ்த்தாடையில், முன்னால் இருக்கும் பல்லின்மேல் சாய்ந்து கிடப்பதே அதிகம்.

பாதி முளைத்த பல்தான் அதிகத் தொல்லை தருகிறது. அதை மூடியிருக்கும் ஈறுக்கடியில் உணவுத் துணுக்குகள் தங்கிக் கிருமி பெருகும். ஈறு வீங்கிச் சீழ் வைக்கும்; வாயைத் திறக்கவே சிரமமாகும். முன்னால் உள்ள நல்ல பல்லும் சொத்தையாகலாம். சிலருக்கு எலும்புக்குள் நீர்க்கட்டி உருவாகும். இவ்வாறு திரும்பத் திரும்ப அவதிப்படுபவர்கள் பல்லை எடுத்துவிடுவதே நல்லது. நோயின்றிப் புதைந்திருக்கும் பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடும்படி சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-இல் அறிவுறுத்தியது. நியாயமான அறிவுரை, ஆனால் விட்டுவைத்த பல்லை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் ஊசியுடனே நடக்கிறது. ஈறைக் கீறி விலக்கி, பல்லை மறைக்கும் எலும்பைச் சிறிது குடைந்தெடுத்து, தேவையானால் பல்லைத் துண்டாக்கி வெளியே எடுத்துத் தையல் போடுவார்கள். வீக்கம் இரண்டு, மூன்று நாள்களில் உச்சத்தை எட்டி, ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும்.

கவனம் வேண்டிய இடம் நரம்பு. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு, பல்லின் வேருக்கு மிக அருகில் ஓடுவதுண்டு. அது காயப்பட்டால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். மிகச் சிலருக்கே மரப்பு நிலைத்துவிடுகிறது. ஆகவே முதலில் எக்ஸ்ரே எடுத்து வேரின் போக்கைப் பார்ப்பது அவசியம். வேர் நரம்பை ஒட்டியிருந்தால் பல்லின் மேற்பகுதியை மட்டும் நீக்கி வேரை விட்டுவைக்கும் முறையும் உண்டு. வயது கூடக்கூட எலும்பு இறுகுவதால் சிகிச்சையும் கடினமாகிறது, ஆறுவதும் தாமதமாகிறது.

பல் இருந்த குழியில் உறையும் இரத்தமே காயத்தைக் காக்கிறது. அது கலைந்துவிட்டால் எலும்பு வெளிப்பட்டு, சில நாள்களில் காதுவரை பரவும் கடும் வலி உண்டாகும். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முதல் நாள் வாயை வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. உறிஞ்சுகுழலில் குடிக்கவும் கூடாது.

காய்ச்சலோடு வீக்கம் கூடினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.