மொட்டை டயர் மகாத்மியம்

டெலிவிஷனில் கார் ரேஸ் வந்தால் நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ‘இந்தப் பேய் ஓட்டத்தில் அப்படி என்னதான் இருக்கு?’ என்று நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த பிறகுதான் தெரிந்தது, நாலு ரப்பர் வளையங்கள் படுத்தும் பாடு!

‘ஃபார்முலா ஒன்’ பந்தயத்தில் டயருக்கு நடக்கும் உபசாரம் தலைதீபாவளி மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. ஓடுவதற்கு முன்னால் மின்சாரப் போர்வை போர்த்திச் சூடேற்றுகிறார்கள். 2023-ம் வருஷ விதிப்படி 70 டிகிரி செல்சியஸ் வரை! எல்லாம் நம் தோசைக்கல் கதைதான். சூடு போதாவிட்டால் ரப்பர் ரோட்டைப் பிடிக்காமல் வழுக்கும். மிஞ்சினால் உரிந்துகொண்டு வரும். பதம் தப்பினால் பந்தயமும் தப்பியது.

வெயில் நாளில் மாட்டுவது மொட்டை டயர். வெட்டு, கோடு எதுவும் கிடையாது. ரப்பர் முழுசாக ரோட்டில் படிந்தால் பிடிப்பு அதிகம். அதிலும் மூன்று ரகம். சிவப்பு வளையம் போட்டது மிருது: வேகம் ஜாஸ்தி, சீக்கிரம் தேயும். வெள்ளை கெட்டி: நிதானம், நீண்ட உழைப்பு. மஞ்சள் நடுவாந்தரம். மூன்று ரகமும் நம் குடும்பத்திலேயே இருக்கே என்கிறீர்களா?

மழை கொட்டினால் பள்ளம் வெட்டிய நீல வளைய டயர். 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்குமாம். குழாயடியில் ஐந்தாறு குடம் பிடிப்பதற்குள் நமக்கு இடுப்பு ஒடிகிறது!

கேலி போகட்டும். 2005-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், பயிற்சியின்போதே வேகமான வளைவில் டயர் பழுதாகி ஒரு கார் சுவரில் மோதியது. அந்த டயரைச் செய்த மிஷலின் நிறுவனமே, ‘அந்த வளைவின் வேகத்துக்கு எங்கள் டயர் பத்திரமில்லை’ என்றது. பந்தய நாளன்று அதே டயர் மாட்டிய 14 கார்கள் ஒரு சுற்று வந்துவிட்டு, போட்டி தொடங்குமுன்பே உள்ளே திரும்பிவிட்டன. கூட்டம் கூச்சல் போட்டது. மிச்சம் ஓடியவை ஆறே கார்கள். அதில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாலாவதாக வந்தார்.

ரேஸ் காருக்கு மொட்டை அழகு. நம் ஸ்கூட்டருக்கு ஆபத்து. மழைத் தண்ணீரை ஒதுக்க நமக்குப் பள்ளம் வேண்டுமே! டயரின் பள்ளங்களுக்குள்ளே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். மேல் ரப்பர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கூடம் கொண்டுவிடும் வண்டியை இன்றைக்கே குனிந்து பாருங்கள். ‘இன்னும் ஒரு மாசம் ஓடும்’ என்று பதில் வந்தால், 14 கார் திரும்பிய கதையை எடுத்துவிடுங்கள்!