ஊவாத் தோட்டப் பாதைகளும் துவிச்சக்கர வண்டியும்

விடுமுறைக்கு வீடு திரும்பிய மாணவர் சிலர் அண்மையில் எம்மை அணுகி, "நம் மலைகளிலே துவிச்சக்கர வண்டி ஓட்டுதற்கு உகந்த பாதைகள் எவை? பழக்கமில்லாதவனும் போகலாமா?" என வினவினர். அவ்வினாவிற்கு நின்ற நிலையில் விடை கூற எம்மால் இயலவில்லை. சிறிது விரிவாகவே கூறவேண்டிய செய்தி அஃது ஆதலின், இம்மலரின் சில பக்கங்களை அதற்கெனக் கேட்டுப் பெற்றோம்.

மலைச் சைக்கிள் என்று இன்று வழங்கும் வண்டி, கலிபோர்னியாவின் மரின் மாவட்ட மலைச்சரிவுகளில் 1970களிற் பிறந்தது. அங்குள்ள இளைஞர் தடித்த ரயர் பூட்டிய பழைய வண்டிகளை மேலே கொண்டுசென்று, சரிவிலே விரைந்து இறங்கி மகிழ்ந்தனர். மிதியைப் பின்னோக்கி அழுத்தி நிறுத்தும் வண்டிகள் அவை. ஓர் இறக்கம் முடிவதற்குள் பின்சக்கரக் குடத்தின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மீண்டும் அடைத்தாலன்றி அடுத்த ஓட்டமில்லை. 1976 இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்திற்கு 'ரீபாக்' என்னும் பெயர் இக்காரணத்தாலேயே அமைந்தது. அவ்விளையாட்டு 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. வட அமெரிக்காவில் இத்தகைய பாதைகளுக்குப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என அடையாளமிட்டு, இஃது எளிது, இஃது இடைத்தரம், இது கடிது என அறிவிப்பர்.

நம் தோட்டப் பாதைகளுக்கு அவ்வடையாளங்கள் எவையும் இல்லை. அவை விளையாட்டுக்கென வெட்டப்பட்டவையும் அல்ல. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும், தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு மலையைக் குடைந்து ஆக்கியவை அவை. கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி இளைக்காது ஏறவேண்டும் என்பதற்காக, மலையைச் சுற்றிச் சுற்றிச் சரிவைக் குறைத்து அமைத்தனர். துவிச்சக்கர வண்டிக்காரனுக்கு இன்று கிடைக்கும் நன்மை அவ்வியர்வையின் மிச்சமே. எனினும் தோட்டப் பாதை அனைத்தும் ஒரு தன்மையின அல்ல. லொறி செல்லும் பாதை வேறு. லயத்திலிருந்து மலைக்கு நேரே ஏறும் குறுக்குப் பாதை வேறு. பின்னது கால்நடைக்கு உரியது; படிகளும் கான்களும் நிறைந்தது. கானைக் காணாது முன்சக்கரத்தை விட்டவன் வண்டிக்கு முன்னே தான் போய்ச் சேருவான்.

புதிதாகப் பழகுவோர்க்கு ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை செல்லும் வழியை நாம் முதலிற் கூறுவோம். ஏறத்தாழ 10 கிலோமீற்றர், பெரும்பாலும் மலைவிளிம்பை ஒட்டி வளைந்து செல்வது, கடும் ஏற்றமில்லை. தெற்கே தாழ்நிலம் பாய் விரித்தாற்போற் கிடக்கும். வழி ஒடுங்கியது, பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் எதிர்ப்படும் ஆதலின் காட்சியில் மயங்குவோர் வண்டியை நிறுத்திவிட்டு மயங்குக. தொமஸ் லிப்டன் 1890 இல் இப்பகுதித் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து அவர் பெயர் தாங்கிய லிப்டன் சீட் வரை இன்னும் 7 கிலோமீற்றர் ஏற்றம். அது சிறிது பழகியவர்க்கே. விடியலிற் புறப்படுக, முற்பகல் ஆனால் முகில் வந்து மூடிவிடும்.

இடைத்தரத்தினர் எல்லவிற்கும் தெமோதரைக்கும் இடைப்பட்ட தோட்டப் பாதைகளைத் தேர்வராக. 1921 இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலமும், புகையிரதம் சுற்றிவந்து தன் நிலையத்திற்கு அடியிலேயே சுரங்கம் புகும் தெமோதரை வளையமும் அப்பக்கத்தன. இங்கே ஒரு சொல்: தண்டவாளத்தின் ஓரமாக வண்டி ஓட்டுதல் ஒருபோதும் ஆகாது. மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் மிகு சரிவு 44 இற்கு 1 என்பதறிந்து, 'எளிய வழி' எனச் சிலர் அதன்மேற் செல்கின்றனர். சுரங்கத்தினுள் ஒதுங்க இடமிராது.

வல்லவர்க்கு உரியது நமுனுகுல. பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர். நமுனுகுலச் சிகரம் 2,036 மீற்றர். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தின் ஊடாக ஏறும் வழி காலின் வலிமையையும் நெஞ்சின் வலிமையையும் ஒருங்கே அளந்துவிடும். உச்சியை அடுத்த பகுதி நடைபாதையே. வண்டியைக் கீழே விட்டு நடப்பதே முறை.

ஏற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர்; அஞ்சவேண்டியது இறக்கத்திற்கே. எல்லவிலிருந்து வெல்லவாய வரை ஏறத்தாழ 27 கிலோமீற்றரில் 840 மீற்றரளவு இறங்குகிறோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொள்வோம். நம் விஞ்ஞான மாணவர் கணக்கிடின் 700 கிலோயூல் வரும். இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு போதும். காற்று ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதனைத்தும் பிரேக்கின் தலையில் விழும். இடைவிடாது அழுத்திக்கொண்டே இறங்கினால் பிரேக் கொதித்துப் பிடியிழக்கும். ஆகவே வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்து, பின் விட்டு, மீண்டும் பிடித்து இறங்குதல் வேண்டும். இருக்கையைத் தாழ்த்தி உடலைப் பின்னே சாய்த்து, இரு மிதிகளையும் சமமாக நிறுத்துக. சரளைக் கல்லில் முன் பிரேக்கைத் திடீரென இறுக்குதல் கூடாது. நாம் இதனைக் கற்றது ஒரு முழங்கையின் தோலைக் கொடுத்து.

காலம் பற்றியும் கூறவேண்டும். கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறட்சி. ஊவாத் தேயிலைக்குப் பேர் தந்த மணமும் அப்போதுதான் பிறக்கும். ஒக்டோபருக்குப் பின் மழை, வழுக்கல், அட்டை. அதனினும் பெரிது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மக்கள் புதையுண்டதை நம்மவர் மறந்திலர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் பதுளை மாவட்டத்தைப் பெரிதும் சிதைத்தது. சென்ற ஆண்டு இருந்த பாதை இவ்வாண்டும் இருக்கும் என்று எண்ணிப் போதல் தகாது.

கண்டி ஹந்தானையில் தொடங்கி ஊவாவின் ஊடாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்வது. நடப்போர்க்கென அமைந்ததாயினும் அதன் சில பகுதிகள் வண்டிக்கும் இசையும். அதனால் வெளிநாட்டார் பலர் இப்பக்கம் வருகின்றனர். லயங்களின் முற்றத்தூடே செல்கின்றனர். அவர்களுள் நல்லோர் உளர். ஆயினும் குளித்துக்கொண்டிருக்கும் பெண்கள் முன்னே மணியடியாது பாய்ந்து சென்றவரையும், கேளாமலே குழந்தைகளைப் படம் பிடித்தவரையும் நாம் கண்டதுண்டு. நம் மாணவரேனும் அவ்வாறு செய்யற்க. தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மூட்டை சுமந்து இறங்குவோர் வரின், வண்டியை விட்டு இறங்கி மேட்டுப் பக்கம் ஒதுங்குங்கள். சுமையோடு வருபவருக்குத் திடீரென நிற்க இயலாது. மருந்து தெளித்த மலையூடே செல்லாதிருங்கள்.

வழி ஐயமாயின், கைத்தொலைபேசிப் படத்தைவிட லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் முதியவரைக் கேட்பது நன்று. எந்தக் கான் உடைந்தது, எந்தப் பாலம் போயிற்று என்பதை அன்றைய காலைவரை அவர் அறிவார். பெரும்பாலும் தேநீரும் தருவார்.